மருந்துக்கும் கணக்கு உண்டு

மது நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அதன் வாடை பட்ட ஒருவர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுப் பெரியவர்கள் கண்டுகொள்வார்கள். மார்க்கம் அதை ஹராம் என்று விலக்கிவிட்டது. அதில் நமக்கு ஐயமே இல்லை. ஆனால் வாடையில்லாத ஒரு சிறு மாத்திரை, பளபளக்கும் அட்டையில் பொதிந்து, சட்டைப் பைக்குள் இருந்து வீட்டுக்குள் வந்தால் யார் கண்டுகொள்வார்? அது மருந்துக் கடையில் விற்பது. மருத்துவர் எழுதித் தருவது. பாட்டியாரின் முதுகு வலிக்கும், பெரியவரின் தூக்கமின்மைக்கும் என்று நம் வீட்டு அலமாரியிலேயே இருப்பது. அதன்மேல் சந்தேகம் எப்படி எழும்?

இந்தச் சந்தேகமின்மையில்தான் இன்றைய அபாயம் குடிகொண்டிருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் அறிக்கை 2019-ஆம் ஆண்டு வெளியாயிற்று. 10 வயது முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 2.1 சதவீதத்தினர் அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று அது கூறியது. அவற்றுள் ஹெராயின், அபினி ஆகியவற்றோடு, மருந்துக் கம்பெனிகள் தயாரிக்கும் வலி மாத்திரைகளும் ஊசிகளும் அடக்கம். அந்த மருந்துகளைப் பயன்படுத்துவோர் மட்டும் ஏறத்தாழ நூற்றில் ஒருவர். தூக்க மாத்திரை, பதற்றம் தணிக்கும் மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமலே உட்கொள்வோரும் நூற்றில் ஒருவருக்குச் சற்று அதிகம்.

ஆகவே, இத்தகைய மருந்துகள் யாருக்கு எழுதப்படுகின்றன, யார் கைக்குப் போய்ச் சேருகின்றன என்று அரசு கண்காணிக்கத்தான் வேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கண்காணிப்பு எப்படி அமைய வேண்டும் என்பதில்தான் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. வழிதவறிய இளைஞனின் கைக்கு அம்மருந்து போகக் கூடாது; அதே சமயம், உடல் வெந்து துடிப்பவருக்கு அது கிடைக்காமல் போகவும் கூடாது. இந்த இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய நிலம் ஒன்று தமிழகத்தில் உண்டு என்றால், அது விருதுநகர் மாவட்டமும் அதன் சிவகாசி வட்டாரமுமே ஆகும்.

சிவகாசியில் ஒரு சொல்லுக்கு இரு பொருள்

சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் இரு பொருள் உண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து; பட்டாசுக்குள் செலுத்தும் வெடிக் கலவையும் மருந்து. 'மருந்து கலக்கும் அறை', 'மருந்து செலுத்தும் வேலை' என்பவை அங்குள்ள குடும்பங்களின் அன்றாடப் பேச்சு. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இந்த வட்டாரத்தில்தான் உற்பத்தியாகிறது.

இந்த இரண்டாவது மருந்தை அரசு தடை செய்யவில்லை, கணக்குக்குள் வைத்திருக்கிறது. மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு உரிமம் வழங்குகிறது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு கலவை வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. சரக்கு வந்ததும் போனதும் ஏட்டில் ஏற வேண்டும். அந்த ஏடு உண்மை பேசும்வரை தொழிலாளி மாலையில் வீடு திரும்புகிறார். ஏடு பொய் பேசும் நாளில் என்ன நடக்கும் என்பதை இம்மாவட்டம் பலமுறை கண்டுவிட்டது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் பறிபோயின. 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதியை மீறிய உற்பத்தியும், உரிமம் பெற்றவர் ஆலையைப் பிறருக்குக் குத்தகைக்கு விட்டதும் இத்தகைய விபத்துகளின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்டன.

ஆபத்தான பொருளைப் பற்றி இம்மண் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: கணக்கு வேண்டும்; அந்தக் கணக்கு மெய்யாக இருக்க வேண்டும். இந்தப் பாடத்தை முதல் மருந்துக்கும் பொருத்திப் பார்ப்போம்.

வெந்த உடலின் வேதனை

விபத்துச் செய்திகளில் மாண்டோர் எண்ணிக்கை முதற்பக்கத்தில் வரும். பிழைத்தோரின் கதை அத்துடன் நின்றுவிடும். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நிலைமை கடுமையானால் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கே அவர்கள் வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் கிடக்கிறார்கள்.

தீக்காயத்தின் வலி இரு வகைப்பட்டது. ஒன்று, இரவும் பகலும் விடாமல் எரியும் வலி. மற்றொன்று, கட்டுப் பிரித்துப் புண்ணைக் கழுவி மறுகட்டுப் போடும் ஒவ்வொரு முறையும் எழும் கொடிய வலி. இதைச் சாதாரண மாத்திரையால் தணிக்க இயலாது. மார்ஃபின் போன்ற அபினி வகை மருந்தே அப்போது கை கொடுக்கிறது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் போதாதா என்று சிலர் எண்ணக்கூடும். போதாது. வெந்த கையையும் விரல்களையும் நாள்தோறும் மடக்கி நீட்டிப் பயிற்சி செய்யாவிட்டால், ஆறும் தோல் சுருங்கி மூட்டைப் பிடித்துக்கொள்ளும். வலி தணியாதவர் கையை அசைக்க விடமாட்டார். அசையாத கை மடங்கியபடியே இறுகிவிடும். ஆக, வலிக்கு மருந்து மறுக்கப்பட்ட தொழிலாளி அந்த வேதனையோடு தம் பிழைப்பையும் சேர்த்தே இழக்கிறார்.

கதவை அடைத்த சட்டம்

இந்திய நாடு மருத்துவ உலகுக்கு அபினி வழங்கும் நாடு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமத்தோடு அபினிச் செடி பயிரிடப்படுகிறது. அதன் விளைபொருள் வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. ஆயினும் நம் நாட்டு நோயாளிகளுக்கே அது எட்டாக்கனியாகிப் போன காலம் ஒன்று உண்டு.

போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. கடத்தல்காரர்களை ஒடுக்க வந்த கடுமையான சட்டம் அது. ஆனால் மார்ஃபின் வாங்க விரும்பும் மருத்துவமனையும் வெவ்வேறு துறைகளிடம் பல உரிமங்களைப் பெற்றாக வேண்டும் என்றாயிற்று. ஓர் உரிமம் கைக்கு வரும்போது மற்றொன்று காலாவதியாகியிருக்கும். எழுத்துப் பிழைக்கும் சிறைவாசமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். மருந்துக் கடைகள் அதை வைப்பதையே கைவிட்டன. இதன் விளைவாக, அச்சட்டம் வந்த சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டில் மருத்துவத்திற்குப் பயன்பட்ட மார்ஃபினின் அளவு ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்துவிட்டது. புற்றுநோயாளிகளும் தீக்காயம்பட்டவர்களும் கதறிய அதே ஆண்டுகளில் தெருவில் ஹெராயின் விற்பனை நின்றுவிடவில்லை.

இந்தக் குறையை உணர்ந்து 2014-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இன்றியமையாத மருந்துகளாக 2015-இல் அறிவிக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விதி வகுக்கப்பட்டது. இப்போது ஒரு மருத்துவமனை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் பெற்றால் போதும். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வந்த மருந்துக்கும் கொடுத்த மருந்துக்கும் பதிவேடு இருக்க வேண்டும். கதவை அடைத்திருந்த சட்டம், கணக்கை ஒப்புவித்தால் கதவு திறக்கும் என்று மாறியது.

கடையில் இருக்கும் சிவப்புப் பதிவு

மருந்துக் கடைகளுக்கு வருவோம். உங்கள் கையிலுள்ள மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தால், அது 'எச்1' அட்டவணையைச் சேர்ந்ததாக இருக்கும். இந்த அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. சில வீரியமான ஆன்டிபயாடிக் மருந்துகள், காசநோய் மருந்துகள் ஆகியவற்றோடு அல்பிரசோலம், டயசெபாம் போன்ற பழக்கமாக்கும் மருந்துகளும் இதில் அடங்கும். இவற்றை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்து, எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் குறித்து மூன்றாண்டு காலம் பாதுகாக்க வேண்டும். இதைவிடக் கடுமையானது 'எக்ஸ்' அட்டவணை. அதற்கு மருந்துச்சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டாண்டு வைத்திருக்க வேண்டும். மருந்தையும் பூட்டி வைக்க வேண்டும்.

டிரமடால் என்னும் வலி மருந்து 2018 ஏப்ரலில் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன்பின் அதே இனத்தைச் சேர்ந்த டேபென்டடால் என்னும் மாத்திரையின் பெயர் தமிழகக் காவல்துறையின் பறிமுதல் செய்திகளில் அடிக்கடி இடம்பெறலாயிற்று. அதையும் கேரிசோப்ரடால் என்னும் தசை தளர்த்தும் மருந்தையும் கலந்து செய்த மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்களைச் சீரழிப்பதை பிபிசி நிறுவனம் அம்பலப்படுத்தவே, 2025 பிப்ரவரியில் இந்திய அரசு அந்தக் கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது. இப்படி ஒன்றின் மீது கட்டுப்பாடு வந்தால் வேறொன்று அந்த இடத்தைப் பிடிக்கிறது. இத்தகைய மருந்துகளை விற்கும் கடைகள் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று தமிழகத்தின் பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் ஆணையிட்டது இதனால்தான்.

எனினும் ஒரு பெருங்குறை உண்டு. இந்தப் பதிவேடு அந்தந்தக் கடையின் ஏடு. சிவகாசிக் கடையின் பதிவேடு திருத்தங்கல் கடைக்குத் தெரியாது; திருத்தங்கல் பதிவேடு சாத்தூருக்குத் தெரியாது. ஒரே சீட்டைக் கொண்டு காலையில் ஓர் ஊரிலும் மாலையில் வேறோர் ஊரிலும் ஒருவர் வாங்கினால், மருந்து ஆய்வாளர் இரு கடைகளின் ஏடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் நாளில்தான் அது வெளிப்படும்.

அமெரிக்கா கற்ற பாடம்

அந்தக் குறையைக் கணினியால் நீக்கிய நாடு அமெரிக்கா. அங்கே கலிஃபோர்னியா மாநிலம் 1939-ஆம் ஆண்டிலேயே இத்தகைய மருந்துச்சீட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியது. கடைசியாக மிசௌரி மாநிலம் 2021-இல் அதற்குச் சட்டம் இயற்றியது. இன்று ஒரு நோயாளி எந்த மருத்துவரிடம் எத்தனை மாத்திரை பெற்றார் என்பதை மருத்துவரும் மருந்தாளுநரும் கணினித் திரையில் காண முடியும்.

அந்த ஏற்பாடு அங்கு விரிவடைந்ததற்குக் காரணம், 1990-களின் பிற்பகுதியில் ஆக்சிகோடோன் மாத்திரைகளைக் கம்பெனிகள் கட்டுக்கடங்காமல் விற்றதுதான். ஆனால் நோய் முற்றிய பின் வந்த கண்டிப்பு வேறொரு கேட்டையும் விளைவித்தது. மாத்திரை திடீரென நிறுத்தப்பட்டவர்களுள் ஒரு சாரார் தெரு ஹெராயினையும் கள்ள ஃபென்டனிலையும் நாடினர். போதைப் பொருள் அளவு மீறியதால் 2021 என்ற ஓர் ஆண்டில் மட்டும் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வலி மருந்து பற்றி 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கண்மூடித்தனமாகப் பின்பற்றப்பட்டு, உண்மை நோயாளிகளே துன்புற்றனர் என்பதைக் கண்டு, அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2022-இல் அவற்றைத் திருத்தியது. கணக்கு வைப்பது நல்லது. ஆனால் சிக்கியவரைச் சிகிச்சைக்கு அனுப்பும் வழி இல்லாவிட்டால், அந்தக் கணக்கு அவரை மேலும் ஆழமான குழிக்குள் தள்ளிவிடும் என்பதே இதன் படிப்பினை.

கோழிக்கோடு காட்டிய வழி

இரண்டையும் சேர்த்துச் செய்ய இயலும் என்பதற்கு நம் அண்டை மாநிலமே சாட்சி. கேரளத்தின் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து 1993-ஆம் ஆண்டு வலி தணிப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். புற்றுநோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபினை எழுதிக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். கணக்கையும் ஒழுங்காக வைத்தார்கள். இரண்டாண்டு காலத்தில் அங்கு மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளை ஆராய்ந்ததில், மருந்து தவறான கைக்குப் போனதாக ஒரு நிகழ்வும் காணப்படவில்லை. இந்த ஆய்வு 2001-இல் உலகப் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அங்கே விதைத்தது மலப்புறம் மாவட்டத்தின் ஊர்தோறும் பரவியது. நம் சமுதாயத்து ஆண்களும் பெண்களும் தொண்டர்களாகச் சென்று படுக்கையில் கிடப்போரைக் கவனித்து வருகிறார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் வலி தணிப்புச் சேவை இடம்பெற்றிருக்கிறது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. அடித்தளம் இருக்கிறது. அதை முழுமையாகப் பயன்படுத்திக் கொள்வது நம் பொறுப்பு.

நம் வீட்டில் தொடங்குவோம்

அரசு வைக்கும் கணக்கு கடையின் வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் அந்த மாத்திரை உங்கள் கையிலுள்ள அமானிதம். ஆகவே, சகோதரிகளே, சகோதரர்களே, இவற்றை மனத்தில் இருத்துங்கள்.

மருந்துச்சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, மருத்துவரின் கையொப்பம், தேதி, மருந்தின் மொத்த அளவு எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். மருத்துவர் எழுதியிருந்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் இத்தகைய மருந்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்த தேதியையும் கடையின் பெயரையும் கடைக்காரர் சீட்டிலேயே குறிக்க வேண்டும். இவை சட்டத்தின் விதிகள். கடைக்காரர் பெயரும் விலாசமும் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் கொடுக்கும் கடைக்காரரே அஞ்சத்தக்கவர்.

பக்கத்து வீட்டாருக்கு மாத்திரை இரவல் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். மௌத்தானவர்களின் மருந்துகளை அலமாரியில் விட்டு வைக்காதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவமனையிடமோ மருந்தாளுநரிடமோ எடுத்துச் சென்று என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், எண்ணி வையுங்கள்.

நெடுநாளாகத் தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ உட்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்துகள் நேரக்கூடும். மருத்துவரின் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

பிள்ளையின் பையில் வெற்று மாத்திரை அட்டைகள், கையில் ஊசித் தழும்பு, காரணமில்லாமல் குறையும் பணம், பகலெல்லாம் மயக்கம் ஆகியவற்றைக் கண்டால், ஊர் அறிந்துவிடுமே என்று மூடி மறைக்காதீர்கள். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறவும் அதே 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவில் இடம் இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஆகவே அவரைத் தனியே விடாமல் குடும்பம் துணை நிற்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் நம்மிடையே உண்டு. தீக்காயம்பட்டவருக்கோ முற்றிய புற்றுநோயாளிக்கோ மருத்துவர் மார்ஃபின் எழுதினால், 'போதை மருந்தாயிற்றே, கூடாது' என்று மறுக்கும் குடும்பத்தார் இருக்கிறார்கள். போதைக்காக உட்கொள்வது வேறு. பொறுக்க முடியாத வேதனையில், தகுதியுள்ள மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு. நிர்ப்பந்தத்திற்கு மார்க்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நோயாளியின் முனகலைக் கேட்டுக்கொண்டே மருந்தைத் தடுத்து வைப்பது பேணுதல் ஆகாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலுள்ள மருத்துவமனை 2015 விதிகளின்படி மார்ஃபின் வைத்திருக்க அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெறும்படி எழுத்து மூலம் கோருங்கள். சீட்டில்லாமல் பழக்கமாக்கும் மாத்திரைகளை விற்கும் கடையைப் பற்றி மருந்து ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள். தகவல் தர 1933 என்ற தேசிய எண்ணும் இருக்கிறது. இவ்விரண்டு கடமைகளையும் சேர்த்தே செய்யுங்கள். பட்டாசு அறையில் வெந்து வரும் தொழிலாளி எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், அவருடைய கட்டைப் பிரிக்கும் வேளையில் வலி தணிக்கும் மருந்து அந்த மருத்துவமனையில் இருக்க வேண்டும். அந்த மருந்தில் ஒரு மாத்திரைகூட நம் தெருப் பிள்ளையின் கைக்குப் போகாமலும் இருக்க வேண்டும். ஊர் ஒன்றுபட்டு நின்றால் இரண்டும் நிறைவேறும், இன்ஷா அல்லாஹ்.